660-ம் 1,414-ம் கலந்தா 577! உங்க கார் ஏர்கானுக்குள்ள ஒரு விசித்திரக் கணக்கு

[திரையில் மூன்று எண்கள்: 660, 1,414, 577]

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸ்ல உருகும். சிலிக்கான் உருக 1,414 டிகிரி வேணும். ரெண்டையும் கலந்தா எத்தனை டிகிரியில உருக ஆரம்பிக்கும்? நடுவுல எங்கயாவது, ஒரு 750, 800-னு சொல்லத் தோணும். பதில், 577. ரெண்டுக்கும் கீழ! கணக்கு வாத்தியார்கிட்ட சொன்னா காதைத் திருகிடுவார்.

இந்த 577-ஐ நம்பித்தான் கார் ஏர்கானே செய்றாங்க. கார் இல்லையா? சிங்கப்பூர்ல கார் வாங்கவே தேவைப்படுற சிஓஇ உரிமம் விக்கிற விலையில அது உங்க தப்பே இல்ல. எம்ஆர்டி ரயில்ல உக்காந்தபடி பாருங்க.

[மேசையில் வெள்ளி நிறக் கம்பி ஒன்று]

இன்னைய கதாநாயகன் இவர்தான். பேர் 4047. பாக்கெட்ல பிஏஎல்எஸ்ஐ-4-னும் போட்டிருக்கும். அலுமினியத்தை அலுமினியத்தோட ஒட்டுற பிரேசிங் ராடு, அதாவது ஒட்ட வேண்டிய பொருள் உருகாம, இந்தக் கம்பி மட்டும் உருகி ஒட்டும். சிலிக்கான் 11-லிருந்து 13 சதவீதம். இரும்பு 0.8, செம்பு 0.3, துத்தநாகம் 0.2, மாங்கனீஸ் 0.15, மக்னீசியம் 0.1 சதவீதம், இதெல்லாம் தாண்டக்கூடாத உச்சவரம்பு. மிச்சமெல்லாம் அலுமினியம். போரடிக்கிற பகுதி முடிஞ்சது, யாரும் ஓடிடாதீங்க.

அந்த 577 எப்படி வந்துச்சு? ஐஸ்கட்டியில உப்பு போடுங்க. தண்ணி உறையறது பூஜ்யத்துல. உப்பு உருகறது 801-ல. ஆனா எடையில 23 சதவீதம் உப்பு கலந்த தண்ணி மைனஸ் 21 வரைக்கும் உறையாது. ஒண்ணோட ஒழுங்கான அடுக்கை இன்னொண்ணு கலைச்சு விடுது, அதனால திடமா நிக்க ரெண்டாலயும் முடியல. அலுமினியம், சிலிக்கான் கதையும் இதேதான். சிலிக்கான் சுமார் 12.6 சதவீதம் இருக்கும்போது உருகுநிலை அடிமட்டத்தைத் தொடும். அந்தப் புள்ளிக்கு யூடெக்டிக்னு பேர். நம்ம 4047 கிட்டத்தட்ட அது மேலயே உக்காந்திருக்கு. 577-ல உருக ஆரம்பிச்சா 582-ல முழுசும் திரவம். அஞ்சே டிகிரி! இதோட தம்பி 4343-ல சிலிக்கான் 7, 8 சதவீதம்தான். அதுவும் 577-லயே ஆரம்பிக்கும், ஆனா முழுசா உருக 610-ஐத் தாண்டணும். நடுவுல பாதி திடம், பாதி திரவம்னு இழுத்துக்கிட்டே கிடக்கும். 4047 உருகினதும் சரசரன்னு ஓடி, மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு இடுக்கா இருந்தாலும் தானே புகுந்துக்கும்.

[இரண்டு டார்ச் தீ, பக்கத்தில் பக்கத்தில்]

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். வெப்பமண்டலத்துல வளர்ச்சி வந்ததே ஏர்கானாலன்னு லீ குவான் யூ புகழ்ந்த ஊர் இது. நம்ம வீவக அடுக்குமாடி வீட்டுக்கு ஏர்கான் மாட்ட வர்ற அண்ணன் செம்புக் குழாயை ஒட்டும்போது கவனிங்க. செம்பு உருகுறது 1,085 டிகிரியில. அவர் கையில இருக்கிற 15 சதவீத வெள்ளி ராடு 800-க்குள்ள உருகிடும். நடுவுல கிட்டத்தட்ட 300 டிகிரி இடைவெளி. போதாததுக்கு, செம்பு செக்கச்செவேல்னு சிவந்து "போதும்ணே"ன்னு சொல்லிடும்.

அலுமினியத்துக்கு வாங்க. கார்ல அதிகம் வர்ற 3003 ரகம் 643 டிகிரியில உருக ஆரம்பிக்குது. ராடு உருகி முடியறது 582-ல. இடைவெளி 60 சொச்சம். அலுமினியம் சிவக்கவும் சிவக்காது! பகல் வெளிச்சத்துல பளபளன்னு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கும், திடீர்னு குழாய் பொத்துன்னு கீழ விழும். 6061 இன்னும் மோசம், அது உருக ஆரம்பிக்கிறதே 582-ல. அதுல 4047 போட்டு டார்ச் பிடிக்கிறவங்களைப் பார்த்தா கையெடுத்துக் கும்பிடத் தோணுது. நீங்க செய்யாதீங்க, அதைவிட மேல உருகுற 6063 ரகம் கிடைச்சா அதை எடுத்துக்குங்க.

அப்போ சூடு எப்படித் தெரியும்? ஃபிளக்ஸ் சொல்லும். பொட்டாசியம், அலுமினியம், ஃபுளூரின் சேர்ந்த அந்த வெள்ளைப் பொடி 565-ஐ ஒட்டி உருகித் தண்ணி மாதிரி தெளியும். தெளிஞ்சா ராடைக் கிட்டக் கொண்டு போகலாம். அதோட முக்கிய வேலை வேற: அலுமினியம் மேல 2,000 டிகிரிக்கு மேலதான் உருகுற ஆக்சைடு தோல் இருக்கே, அதைக் கரைக்கிறது. மக்னீசியம் அதிகமானா ஃபிளக்ஸோட சேர்ந்து அதைக் கெடுத்துடும். அந்த 0.1 சதவீதக் கெடுபிடி எவ்வளவு நல்லதுன்னு இப்போ புரியுதா?

[கார் கண்டன்சர், நெருக்கத்தில்]

ஏர்கானோட சூட்டை வெளிய விடுற கண்டன்சர் இது. இந்தத் தட்டுக்குள்ள எத்தனை இணைப்பு, பாருங்க. தொழிற்சாலையில ஒவ்வொண்ணுக்கும் யாரும் ராடு பிடிக்கிறதில்ல. 3003 தகடு மேலயே 4343 இல்லன்னா அதே குடும்பத்து 4045-ஐ மெல்லிய படலமா ஒட்டி உருட்டியிருப்பாங்க. அடுக்கிக் கட்டி, ஃபிளக்ஸ் தூவி, நைட்ரஜன் நிறைச்ச உலையில 600 டிகிரிக்கு விட்டா, படலம் மட்டும் ஓடுற அளவுக்கு உருகி எல்லா இடுக்கும் ஒரே நேரத்துல ஒட்டிக்கிட்டு வெளிய வரும். இதைப் பார்த்தும் லைக் போடலன்னா, உங்க கார் ஏர்கான் ஜூலை மாசம் பிஐஇ விரைவுச்சாலை நெரிசல்ல நிக்கட்டும்!

கடைசியா ஒண்ணு. ஒட்டின பொருளை அப்புறம் அனோடைஸ் பண்ண, அதாவது மின்சாரத்தால அந்த ஆக்சைடு தோலைத் தடிமனாக்கப் போறீங்கன்னா 4047 வேணாம். சிலிக்கான் இருக்கிற இடம் மட்டும் கருத்துப்போய்த் தனியாத் தெரியும். சைக்கிள் பிரேம்ல அப்படி வந்த படம் யார்கிட்டயாவது இருந்தா கமெண்ட்ல போடுங்க.