ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் உப்புமா
(மேலூர் பக்கத்து ஊர் ஒன்றில், பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

தாய்மார்களே, அண்ணன் தம்பிகளே, வணக்கம்.

வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மத்தியானச் சோறு காமராஜர் காலத்திலேயே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். காலை உணவு வந்தது 2022 செப்டம்பர் 15 அன்று. அதுவும் நம் மதுரையில், கீழ அண்ணாத்தோப்பு ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான் ஆரம்பித்தது. மனசு நிறைந்த நாள் அது. ஆனால் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான் அந்த உப்புமாவும் பொங்கலும். அதற்கு மேலே போகிற பிள்ளைக்கு?

நான் வாத்தியாராக இருந்தபோது ஒரு நாள் பிரேயரில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்படியே சரிந்தாள். வேப்பமரத்தடியில் படுக்க வைத்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்தோம். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைத்தாளாய் வெளுத்துக் கிடந்தது. "காலையில என்னம்மா சாப்பிட்ட?" என்றேன். "டீயும் வர்க்கியும் சார்." அம்மா விடிந்ததும் களையெடுக்கப் போய்விட்டார். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு இன்றும் மனசு வராது.

அவள் ஒன்றும் எலும்பும் தோலுமாக இல்லை. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. மளமளவென்று வளர்கிற வயசு, வயசுக்கு வந்து மாதாமாதம் ரத்தம் போகிற வயசு. இரும்புச்சத்து அதிகம் கேட்கிற அந்த நேரத்தில் காலை வயிற்றைக் காயப்போடுகிறோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. போதாததற்கு, சாப்பாட்டோடு குடிக்கிற டீ, சாப்பாட்டில் இருக்கிற இரும்பையும் உடம்பில் சேரவிடாது.

அப்புறம், பள்ளியில் வாராவாரம் கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரை. ஜன்னலுக்கு வெளியே அது கிடப்பதை நானே பொறுக்கியிருக்கிறேன். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள். வெளிக்குக் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பூச்சி மாத்திரையையும் விடாதீர்கள். கொக்கிப்புழு குடலில் இருந்துகொண்டே ரத்தம் குடிக்கும்.

இந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை காலைச் சாப்பாடு வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். அது வரும் வரைக்கும் ராத்திரியே கேப்பைக் கூழ் காய்ச்சி வைத்துவிடுங்கள், காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு வரட்டும். டீயைச் சாயங்காலம் குடிக்கலாம்.

நோட்டு அந்த மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.