பிள்ளையைப் பிரித்தவர்களிடம் கணக்கு இருந்ததா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்க எல்லையில் குடியேறிகளின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது சரிதான் என்று எதிரணி நண்பர் பேசி அமர்ந்திருக்கிறார். திருடனைப் பிடித்தால் அவன் பிள்ளையையும் சேர்த்தா ஜெயிலில் வைக்கிறோம் என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். சரி, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2018 மே மாதம் அமெரிக்காவின் அப்போதைய அட்டர்னி ஜெனரல், அதாவது சட்டத்துறைத் தலைவர், ஜெஃப் செஷன்ஸ், மெக்சிகோ எல்லையைச் சட்டவிரோதமாகத் தாண்டுகிற எல்லார் மீதும் வழக்கு என்றார். பிள்ளையோடு வந்தால் பிள்ளை பிரிக்கப்படும் என்றும் சொன்னார். முதல்முறை எல்லை தாண்டுவது அந்த நாட்டுச் சட்டப்படியே சிறு குற்றம்தான். அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. பலருக்குக் காவலில் இருந்த சில நாட்களையே தண்டனையாகக் கழித்து வழக்கை முடித்துவிட்டார்கள். கோர்ட்டிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் பிள்ளை இல்லை. அதற்குள் 'துணையின்றி வந்த குழந்தை' என்று பதிவு செய்து, வேறொரு துறையின் காப்பகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நண்பரே, தண்டனை முடிந்து வெளியே வருகிற திருடனிடம், உன் பிள்ளை எங்கே என்று எங்களுக்கே தெரியாது என எந்த ஜெயில் அதிகாரியாவது சொல்வாரா?

இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. 2018 ஜூன் 26 அன்று, 30 நாட்களுக்குள் குடும்பங்களைச் சேர்த்து வையுங்கள், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்றால் 14 நாட்களுக்குள் என்று ஒரு வழக்கில் உத்தரவிட்டார் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகர நீதிபதி டானா சப்ரா. அந்த உத்தரவிலேயே எழுதினார்: காவலில் இருப்பவரின் பணத்துக்கும் ஆவணத்துக்கும் காருக்கும் கணக்கு வைக்கிற அரசிடம், குழந்தைகளுக்குக் கணக்கு வைக்க ஏற்பாடு இல்லை என்று. பர்ஸை வாங்கி வைத்தால் ரசீது உண்டு ஐயா. பெற்ற பிள்ளைக்கு இல்லை.

ஆள்கடத்துபவர்கள் பிள்ளையோடு வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டார்கள். நல்ல கேள்வி. நீதிபதி சப்ரா உத்தரவிட்ட அந்த வழக்கைத் தொடுத்தவரே காங்கோவிலிருந்து வந்த ஒரு தாய். அவர் வேலி தாண்டியவர் அல்ல. 2017 நவம்பரில் எல்லைச் சாவடிக்கே நேராகப் போய் அடைக்கலம் கேட்டவர். அவரைச் சான் டியேகோவில் வைத்தார்கள். மகளை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தள்ளி சிகாகோவுக்கு அனுப்பினார்கள். இவர் உண்மையான தாய்தானா என்று சந்தேகமாம். சந்தேகம் வந்த அன்றே டிஎன்ஏ பரிசோதனை செய்தார்களா? இல்லை. அவர் வழக்குப் போட்ட பிறகு, மார்ச் மாதத்தில் செய்தார்கள். பெற்ற தாய்தான் என்று முடிவு வந்தது. அதுவரை நான்கு மாதம் அந்தக் குழந்தை யாருக்காகக் காத்திருந்தது? குழந்தையைக் காப்பாற்றத்தான் பிரித்தோம் என்றால், முதல் நாளே எச்சிலை எடுத்துச் சோதித்திருக்க வேண்டாமா?

கடைசியாக, விட்டால் ஓடிவிடுவார்கள், வேறு வழியில்லை என்கிறார்கள். வழி இருந்தது. 2016-இல் குடும்பங்களைச் சிறை வைக்காமல், சமூகப் பணியாளர்களின் கண்காணிப்பில் விடும் திட்டத்தை அந்த நாடே தொடங்கியது. குடும்பத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 36 டாலர் செலவு. அதிகாரிகள் முன் ஆஜராவதிலும் விசாரணைக்கு வருவதிலும் 99 சதவீதம் ஒழுங்காக இருந்தார்கள். 2017 ஜூனில் அதை மூடிவிட்டார்கள். அடுத்த சில வாரங்களிலேயே டெக்சாஸ் மாநிலத்தின் எல்லை நகரமான எல் பாசோவில் குடும்பங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனை ஓட்டம் தொடங்கியது.

நடுவர் அவர்களே, எதிரணியில் அடுத்துப் பேச வருபவர், அந்தத் திட்டத்தை ஏன் மூடினார்கள் என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும். வணக்கம்.