மூன்று மணிகள்

நேயர்களுக்கு வணக்கம். பிலிப்பைன்ஸில் சமார் என்றொரு தீவு. அதன் தென்கரையில் பாலாங்கிகா என்ற சிற்றூர். அந்த ஊர்த் தேவாலயத்தின் மூன்று மணிகளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

ஸ்பெயினை எதிர்த்து 1896இல் ஆயுதம் ஏந்திய நாடு அது. 1898இல் விடுதலையும் அறிவித்துவிட்டது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பெயின் அந்நாட்டை 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் தள்ளிவிட்டது. வீட்டுக்காரனைக் கேட்காமலே வீட்டை விற்ற கதை. மறுபடி போர் மூண்டது. 1901 மார்ச்சில் தலைவர் அகினால்டோ பிடிபட்டார். சமாரில் சண்டை ஓயவில்லை.

பாலாங்கிகாவில் முகாமிட்டிருந்த அமெரிக்கப் படை, ஊரைச் சுத்தம் செய்வதற்கென்று ஆண்களைப் பிடித்து வேலை வாங்கியது. ஒரு கூடாரத்தில் 16 பேர் படுக்கலாம்; அப்படிப்பட்ட இரண்டில் எண்பது பேரளவில் அடைத்தது. வீடுகளில் இருந்த அரிசியையும் எடுத்துக்கொண்டது. வயிற்றில் கைவைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

செப்டம்பர் 28, விடியற்காலை. சிப்பாய்கள் காலை உணவுக்கு உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் கையில் துப்பாக்கி இல்லை. ஊர்க் காவல்தலைவர் வலேரியானோ அபனடோர் காவலுக்கு நின்ற சிப்பாயின் துப்பாக்கியைப் பறித்து, அதனாலேயே அவனை அடித்து வீழ்த்தினார். தேவாலய மணி ஒலித்தது. வெட்டுக்கத்திகளோடு ஊரே பாய்ந்தது. 74 அமெரிக்கர்களில் 48 பேர் மாண்டார்கள்.

இதை அமெரிக்கர்கள் 'பாலாங்கிகா படுகொலை' என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பதிலடியாக ஜெனரல் ஜேக்கப் ஸ்மித், பத்து வயதுக்கு மேற்பட்ட, ஆயுதம் ஏந்தக்கூடிய எவரையும் கொல்லச் சொன்னார். தீவைப் பாழ்நிலமாக்கச் சொன்னார். ஊர்கள் எரிந்தன. படுகொலை என்ற சொல்லை எங்கே வைப்பது என்று நீங்களே தீர்மானியுங்கள். ராணுவ நீதிமன்றம் ஸ்மித்துக்குக் கொடுத்த தண்டனை, ஒரு கண்டிப்பு. அதன்பின் அதிபர் ரூஸ்வெல்ட் அவரைப் பணியிலிருந்து ஓய்வுபெறச் செய்தார், அவ்வளவே.

மணிகளையும் படை விட்டுவைக்கவில்லை. இரண்டு, வயோமிங் மாநிலத்து ராணுவத் தளத்துக்குப் போயின. மூன்றாவது, படைப்பிரிவோடு அலைந்து கடைசியில் தென்கொரியாவில் நின்றது. திருப்பித் தரும்படி பிலிப்பைன்ஸ் அரசும் திருச்சபையும் பல ஆண்டுகள் கேட்டன. போர் வெற்றிச் சின்னத்தைத் தருவதா என்று முன்னாள் படைவீரர்கள் பலர் மறுத்தார்கள். கோயில் மணி எப்படி வெற்றிச் சின்னமாகும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

117 ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பர் 11 அன்று மூன்றும் மணிலாவில் விமானத்திலிருந்து இறங்கின. நான்கு நாளில் பாலாங்கிகா சேர்ந்தன. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை தொடங்கும் வேளை அது.