அறையில் பேசியது வெளியே போகிறது, ஆள் வைத்துத் தேடலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஆனாலும் இன்று ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். படித்த நாளிலிருந்து அது மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. கேட்டவர் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிப் படிக்கிறேன்.

"ஐயா, நானும் தம்பியும் சேர்ந்து ஒரு சிறிய நிறுவனம் நடத்துகிறோம். கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் அறையில் பேசி முடிவு செய்கிற விலை, போட்டி நிறுவனத்துக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. ஒட்டுக் கேட்கும் கருவிகளைத் தேடி எடுத்துத் தருகிற ஆட்கள் இருக்கிறார்களாமே, அவர்களை அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் வரவழைக்கலாமா? அவர்களையே நம்பலாமா? நானே ஒரு சிறிய கருவி வாங்கிப் பார்த்தேன். வீடு முழுக்கக் கத்துகிறது. இப்போதெல்லாம் தம்பியிடம்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறேன்."

அந்தக் கடைசி வரிதான் என்னைத் தைத்தது. சொந்த வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது.

சரி, பதிலுக்கு வருகிறேன். வரவழைக்கலாம். இதைத் தொழிலாகவே முறையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன் அம்மா. இந்தக் கேள்வியை எந்தக் கைபேசியிலிருந்து அனுப்பினீர்கள்? எந்த அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தீர்கள்? அந்த ஆட்களைத் தொலைபேசியில் அழைத்து "எங்கள் அறையில் கருவி இருக்கிறதா என்று பாருங்கள்" என்று அதே அறையிலிருந்து பேசினால், கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் அந்தச் செய்தி போய்விடும். அவர் வந்து எடுத்துவிடுவார், அல்லது தூரத்திலிருந்தே அணைத்துவிடுவார். சோதனை முடிந்து "ஒன்றும் இல்லை" என்று அறிக்கை வரும். ஆகவே சந்தேகம் உள்ள இடத்துக்கு வெளியே போய், வேறொருவரின் தொலைபேசியிலிருந்து பேசுங்கள். சோதனை நடக்கப் போவது எவ்வளவு குறைந்த பேருக்குத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது.

தூரத்திலிருந்து அணைப்பதெல்லாம் கற்பனை இல்லை. 1984இல் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் மின்னணுச் சாதனங்களை எல்லாம் ரகசியமாகக் கழற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது ஐபிஎம் செலக்ட்ரிக் தட்டச்சு இயந்திரம் ஒன்றின் உலோகப் பட்டைக்குள் கருவி இருந்தது. தொடர்ந்து தேடியதில் மொத்தம் 16 இயந்திரங்களில் கண்டுபிடித்தார்கள். எந்த எழுத்தைத் தட்டுகிறார்கள் என்பதை அந்தக் கருவி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. சோதனைக் குழு வருகிறது என்று தெரிந்தால் அதை வெளியிலிருந்தே அணைத்து வைக்கவும் முடிந்தது. அதனால்தான் பல ஆண்டுகள் யார் கையிலும் அகப்படாமல் இருந்தது.

நீங்கள் வாங்கிய கருவி ஏன் கத்துகிறது? பக்கத்தில் ரேடியோ அலை இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும், எது அனுப்புகிறது என்று சொல்லாது. வை-ஃபை, ப்ளூடூத், கைபேசி, பக்கத்து வீட்டு ரவுட்டர் என்று எல்லாவற்றுக்கும் கத்தும். அதேசமயம், பேச்சைப் பதிவு மட்டும் செய்துகொண்டு எதையும் அனுப்பாமல் இருக்கும் ஒலிப்பதிவுக் கருவிக்குப் பக்கத்தில் வைத்தால் சத்தமே போடாது. கத்துவதாலும் ஒன்றும் நிரூபணமாகாது, கத்தாததாலும் ஒன்றும் நிரூபணமாகாது. அதைத் தூக்கி மேசைக்குள் வைத்துவிடுங்கள். இன்னொன்று, பயத்தில் சிக்னல் தடுக்கும் ஜாமர் எதையும் வாங்கிவிடாதீர்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம்.

தொழில்முறை ஆட்கள் என்ன செய்வார்கள்? முதலில் ஸ்பெக்ட்ரம் அனலைசர் வைத்து அங்கே உலவும் அலைகளை எல்லாம் பதிவு செய்வார்கள். கட்டடத்துக்கு வெளியேயும் அதேபோல் எடுத்து ஒப்பிடுவார்கள். வெளியே இல்லாமல் உள்ளே மட்டும் வலுவாக இருக்கிற அலை எதுவோ, அதன் பின்னால் போவார்கள். சிம் கார்டு போட்ட கருவிகள் இப்போது மிகவும் மலிவு. அந்த எண்ணை அழைத்தால் மணி அடிக்காமல் எடுத்துக்கொண்டு அறையில் பேசுவதை அப்படியே கேட்கச் செய்யும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள்ளோ சார்ஜருக்குள்ளோ வைத்துவிட்டால் மின்சாரம் கிடைத்துக்கொண்டே இருக்கும், பேட்டரி தீரும் கவலை இல்லை. எப்போதாவது ஒரு முறைதான் அலை அனுப்பும் என்பதால் அவசர அவசரமாகத் தேடினால் தப்பிவிடும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கருவி, நான்-லீனியர் ஜங்ஷன் டிடெக்டர். நீளமான கைப்பிடியின் நுனியில் ஆன்டெனா இருக்கும், சுவரிலும் மேசையிலும் தடவிக்கொண்டே போவார்கள். அது ஓர் அலையை அனுப்புகிறது. மின்னணுக் கருவிகளுக்குள் இருக்கும் டயோடு, டிரான்சிஸ்டர் போன்ற குறைகடத்திகள் எதிரில் இருந்தால் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் பதில் வலுவாகத் திரும்பி வரும். துருப்பிடித்த ஆணி என்றால் மூன்று மடங்கில் வலுவாக வரும். இரண்டையும் ஒப்பிட்டு, உள்ளே இருப்பது மின்னணுப் பொருளா வெறும் துருவா என்று சொல்லிவிடுவார்கள். ஒட்டுக் கேட்கும் கருவி அணைந்திருந்தாலும், பேட்டரி செத்திருந்தாலும் இது காட்டிக்கொடுக்கும். வெப்பத்தைக் காட்டும் கேமராவும் தொலைபேசி, நெட்வொர்க் கம்பிகளைச் சோதிக்கும் கருவிகளும் கொண்டுவருவார்கள். ஆனால் வேலையில் பெரும்பங்கு ஏணியும் டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும்தான். ஸ்விட்ச் போர்டைத் திறப்பது, ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தூக்குவது, நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பது. கையில் ஒரு சிறிய கருவியோடு வந்து அரை மணி நேரத்தில் முழு அலுவலகத்தையும் முடித்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் அது சோதனையே இல்லை. ஒரு அறைக்கே பல மணி நேரம் பிடிக்கும்.

இங்கே ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். பழைய நேயர்கள் கேட்டிருப்பீர்கள், பரவாயில்லை, இன்னொரு முறை கேளுங்கள். 1945இல் சோவியத் மாணவர்கள் அமெரிக்கத் தூதர் ஆவரெல் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். தூதர் அதைத் தன் இல்லத்தில் படிப்பறைச் சுவரில் மாட்டினார். உள்ளே ஒரு கருவி. அதில் பேட்டரி இல்லை, கம்பி இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால், கண்ணாடித் துண்டு வெயிலைத் திருப்பி அடிப்பது போல, அறையில் பேசுகிற பேச்சோடு சேர்த்து அந்த அலையைத் திருப்பி அனுப்பும். வடிவமைத்தவர் லெவ் தெர்மின், கை படாமலே வாசிக்கிற இசைக்கருவியைக் கண்டுபிடித்தாரே, அவரேதான். ஏழு ஆண்டுகள் அது அங்கேயே தொங்கியது. 1952இல் எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? அப்போதைய தூதர் ஜார்ஜ் கென்னன் எப்போதும் போல வேலை செய்வதாகக் காட்டிக்கொண்டு, சத்தமாக ஒரு கடிதத்தைச் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதினார். கேட்பவர்கள் ஆவலாக அலையைப் பாய்ச்சினார்கள். அந்த நேரத்தில் நிபுணர்கள் வீட்டுக்குள் சத்தமில்லாமல் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. அலையைத் தேடும் சோதனை, கருவி வேலை செய்யும்போது நடக்க வேண்டும். ராத்திரி ஆளே இல்லாத அலுவலகத்தில் மட்டும் தேடினால் போதாது. வழக்கமாகக் கூட்டம் நடக்கிற நேரத்தில், முக்கியமான பேச்சு நடப்பது போல ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதும் தேடச் சொல்லுங்கள். நல்ல ஆட்கள் நீங்கள் கேட்காமலே இதைச் சொல்வார்கள்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள். என்னென்ன கருவிகள் கொண்டுவருவீர்கள், சுவரையும் சீலிங்கையும் திறப்பீர்களா, எழுத்து மூலம் அறிக்கை தருவீர்களா, எதையெல்லாம் சோதிக்கவில்லை என்பதையும் அதில் எழுதுவீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் "எழுதுவோம்" என்பவரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். கருவி கிடைத்தால் இவ்வளவு, கிடைக்காவிட்டால் இவ்வளவு என்று கட்டணம் பேசவே பேசாதீர்கள். கிடைத்தால்தான் அதிகப் பணம் என்றால், தானே கொண்டுவந்து வைத்து எடுத்துக் காட்டுகிற ஆளுக்கு நீங்களே வழி செய்து கொடுத்ததாக ஆகிவிடும். ஒட்டுக் கேட்கும் கருவிகளையும் விற்கிறவர் என்றால் வேண்டாம். அவர்கள் வேலை செய்யும்போது நீங்களோ தம்பியோ கூடவே இருங்கள்.

இப்போது நான் உண்மையில் பேச விரும்புகிற இடத்துக்கு வருகிறேன். நீங்கள் "கருவி எங்கே இருக்கிறது" என்று கேட்கிறீர்கள். "எது கசிந்தது, அது யார் யாருக்குத் தெரியும், எந்தெந்த வழியாகப் போனது" என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் நிம்மதியாக இருந்திருக்கும். ஒவ்வொரு உரையிலும் இதைத்தான் சொல்கிறேன், இனியும் சொல்வேன்: தேடலுக்கு முன்னால் கசிவைப் பாருங்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்த விலை அறைக்குள் பேசப்பட்டது மட்டும்தானா? ஒரு கணக்குத் தாளில் ஏறியிருக்கும். அந்தத் தாள் ஒரு பொதுக் கோப்புறையில் இருக்கும். வேலையை விட்டுப் போனவருக்கு இன்னும் அங்கே அனுமதி இருக்கிறதா? மின்னஞ்சலில் வரும் கடிதங்கள் தானாகவே வேறொரு முகவரிக்குப் போகும்படி யாராவது அமைத்து வைத்திருக்கிறார்களா? வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறந்து பார்த்தீர்களா? உங்கள் கைபேசியின் கடவு எண் யாருக்குத் தெரியும்? கைபேசி உளவு மென்பொருள் பற்றிய உரையில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறேன். அப்புறம், நட்சத்திரம், ஹாஷ், 21, ஹாஷ் என்று அடித்தால் ஒட்டுக் கேட்கிறார்களா என்று தெரியும் என ஒரு செய்தி சுற்றுகிறது. அது உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கின்றனவா என்பதை மட்டும்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதை நம்பி நிம்மதியடையவும் வேண்டாம்.

ஒரு சோதனை செய்யலாம். உண்மையில் நீங்கள் போட்டியிடப் போகாத ஒரு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசிகளை வெளியே வைத்துவிட்டு, அறைக்குள் வாயால் மட்டும் ஒரு தொகையைப் பேசுங்கள். எங்கும் எழுதாதீர்கள். கணினியில் உள்ள கோப்பில் வேறொரு தொகையை எழுதுங்கள், அதைப் பேசாதீர்கள். கைபேசியில் தம்பியோடு பேசும்போது மூன்றாவது தொகை. எந்தத் தொகை வெளியே போகிறதோ அதுவே வழியைக் காட்டிவிடும். அறையில் பேசிய தொகை போயிருந்தால் உடனே நிபுணர்களை அழையுங்கள். கோப்பில் இருந்தது போயிருந்தால் சுவரை உடைத்துப் பயனில்லை, கணினியைப் பார்க்க வேறு ஆள் வேண்டும்.

ஆட்களைக் கவனிப்பதால் கருவியே அகப்பட்ட நிகழ்வும் உண்டு. 1999இல் அமெரிக்க வெளியுறவுத் துறைக் கட்டடத்துக்கு வெளியே ஒரு ரஷ்ய அதிகாரி அடிக்கடி வந்து காரை நிறுத்துவதையும் அங்கேயே சுற்றுவதையும் கவனித்தார்கள். இவர் ஏன் இங்கேயே வருகிறார் என்று யோசித்துக் கட்டடத்துக்குள் தேடியபோது, ஏழாவது மாடியில் ஒரு கூட்ட அறையின் சுவரோர மரச்சட்டத்துக்குள் கருவி கிடைத்தது. அங்கேயே அப்படி என்றால் உங்கள் அலுவலகத்தில் யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்பதை நீங்கள் கட்டாயம் எழுதிப் பார்க்க வேண்டும். எந்தக் கருவியும் தானாக நடந்து வந்து சுவரில் ஏறுவதில்லை. ஒருவர் கொண்டுவந்து வைத்திருக்கிறார். வெறும் ஒலிப்பதிவுக் கருவி என்றால் அவரே திரும்ப வந்து எடுக்கவும் வேண்டும். பழுது பார்க்க வந்தவர், பரிசாக வந்த கடிகாரம், யாரும் வாங்காமலே மேசைக்கடியில் முளைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்தக் காகிதத்தை நிபுணரிடம் கொடுத்தால் அவருடைய வேலையில் பாதி குறையும்.

வீட்டைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். இது உங்களுக்காக அல்ல அம்மா, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேறு சிலருக்காக. உங்கள் பேச்சைக் கேட்பது அதே வீட்டில் இருக்கிற, உங்களைத் துன்புறுத்துகிற ஒருவர் என்று சந்தேகம் இருந்தால் தயவுசெய்து கருவியைத் தேடி எடுக்க அவசரப்படாதீர்கள். எடுத்தது தெரிந்த நிமிடம் அவர் கோபம் உங்கள் மேல் பாயும். முதலில் வெளியே, நம்பிக்கையான ஒருவரின் தொலைபேசியிலிருந்து, குடும்ப வன்முறைக்கு உதவும் அமைப்பு ஒன்றிடம் பேசுங்கள். நீங்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகும் ஏற்பாடு முடிந்த பிறகு கருவியைப் பார்த்துக்கொள்ளலாம்.

தேடியதில் ஏதாவது கிடைத்துவிட்டால் என்ன செய்வது? கை வைக்காதீர்கள். கைரேகை இருக்கலாம், சிம் கார்டு இருக்கலாம், யாருடையது என்று விசாரிக்க அவைதான் ஆதாரம். அதன் எதிரில் நின்று "ஐயோ, கிடைத்துவிட்டது" என்று பேசாமல், படம் எடுத்துக்கொண்டு அமைதியாக வெளியே வாருங்கள். வழக்கறிஞரிடமும் காவல்துறையிடமும் போங்கள். அனுமதியில்லாமல் ஒட்டுக் கேட்பது பல நாடுகளில் குற்றம். எதுவும் கிடைக்காவிட்டால், அந்த அறிக்கை அன்றைய தேதிக்கு மட்டும்தான் செல்லுபடியாகும். ஸ்விட்ச் போர்டு திருகுகளின் மேல் புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் மையால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். பிறகு யாராவது திறந்திருந்தால் கோடு விலகியிருப்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கட்டட வேலை நடந்த பிறகோ, சாவி வைத்திருந்த ஒருவர் வேலையை விட்டுப் போன பிறகோ மறுபடி ஒரு முறை சோதித்துக்கொண்டால் போதும்.