கட்சி மாறியவர்களும் கட்சி தாண்டி வாக்களித்தவர்களும்

நண்பர்களே, வணக்கம்.

2014 நவம்பர் 20-ஆம் திகதி இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலுக்கான அறிவித்தலில் அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச கையெழுத்திட்டார். மறுநாளே அவருடைய சொந்த சுகாதார அமைச்சர், அவருடைய சொந்தக் கட்சியின் பொதுச் செயலாளர், மைத்திரிபால சிறிசேன எதிரணியின் பொது வேட்பாளராக வந்து நின்றார். முந்திய இரவு இருவரும் ஒன்றாக இருந்து அப்பம் சாப்பிட்டார்கள் என்ற கதை நாடு முழுக்கப் பரவியது. ஒரு பக்கம் துரோகம் என்றார்கள், மறுபக்கம் துணிச்சல் என்றார்கள்.

அப்பக் கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த மாதம் நடந்தது பலருக்கு மறந்துவிட்டது. டிசம்பரில் எதிரணியின் பெரிய கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியின் பொதுச் செயலாளர் திஸ்ஸ அத்தநாயக்க எதிர்த் திசையில் மகிந்தவிடம் போனார். அவருக்குக் கிடைத்த அமைச்சு எது தெரியுமா? சுகாதாரம். மைத்திரிபால விட்டுவிட்டுப் போன அதே நாற்காலி. இரண்டு பெரிய கட்சிகளின் பொதுச் செயலாளர்களும் ஒரே மாதத்துக்குள் இடம் மாறிக்கொண்டார்கள். 2020-இல் திஸ்ஸ அத்தநாயக்க ஐக்கிய மக்கள் சக்தியின் தேசியப் பட்டியல் வழியாக மறுபடி பாராளுமன்றம் வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன வழியே திரும்பி வர நம் அரசியலில் எப்போதும் இடம் உண்டு.

இந்த இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. கட்சி மாறுகிற ஒருவரைப் பார்க்கும்போது, அவர் எதை விட்டுவிட்டு வருகிறார், வந்த இடத்தில் எது காத்திருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மைத்திரிபால ஆட்சியின் உள்வட்டத்தை விட்டு வந்தார். தோற்றிருந்தால் ஆறடி மண்ணுக்குள் போயிருப்பேன் என்று அவரே பின்னர் சொன்னார். அதே நேரம், அவருக்குக் காத்திருந்தது நாட்டின் ஆகப் பெரிய பதவி. அதையும் மறைக்கக் கூடாது.

சரி, அரசியல்வாதிகளை விடுவோம். நான் இன்று பேச வந்தது வாக்காளரைப் பற்றி.

நுவரெலியா மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தோட்டத் தொழிலாளர்களின் பெரிய அமைப்பு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். 2010-இலும் 2015-இலும் அது மகிந்தவின் பக்கம் நின்றது. 2010-இல் அந்த மாவட்டத்தில் முன்னிலை பெற்றவர் மகிந்தவை எதிர்த்து நின்ற சரத் பொன்சேகா. 2015 தேர்தலுக்கு முன் மலையகத் தலைவர்களான திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும் அரசை விட்டு விலகி மைத்திரிபாலவோடு சேர்ந்தார்கள், ஆனால் தொண்டமானின் காங்கிரஸ் அசையவில்லை. முடிவில் மைத்திரிபாலவுக்கு அங்கே 63 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள், பிரச்சினை வந்தால் அதே சங்கத்திடம் போகிறவர்கள், வாக்குச்சீட்டைக் கையில் எடுத்ததும் தலைவர் காட்டிய சின்னத்தைத் தாண்டிப் போனார்கள். அடுத்த நாளும் அதே சங்கத்தில்தான் இருந்தார்கள். அவர்களில் யாருக்கும் அமைச்சு கிடைக்கவில்லை.

வடக்கைப் பாருங்கள். 2005-இல் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் ஒன்றேகால் சதவீதம்கூட இல்லை. மகிந்தவை எதிர்த்து நின்ற ரணில் விக்கிரமசிங்க ஏறத்தாழ 1,80,000 வாக்குகளால் தோற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து, போர் முடிந்து எட்டு மாதங்கள் ஆன நிலையில், தமிழ் மக்களின் முன்னால் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒருவர் அந்தப் போரை நடத்திய ஜனாதிபதி, மற்றவர் அதே போரை நடத்திய இராணுவத் தளபதி பொன்சேகா. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தளபதியை ஆதரித்தது. யாழ்ப்பாணத்தில் கால்வாசிப் பேர்தான் வாக்களிக்கப் போனார்கள். போனவர்களில் பெரும்பாலோர் பொன்சேகாவுக்குப் போட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு அன்னச் சின்னத்தைத் தேடியிருப்பாள் என்று நினைக்கும்போது, 'கட்சி தாண்டி வாக்களிப்பது' என்று நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம் என்று தோன்றுகிறது. அவள் தாண்டியது கட்சியையா?

2015-இல் அதே யாழ்ப்பாணத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தார்கள். அவர்களில் 74 சதவீதம் பேர் மைத்திரிபாலவுக்கு. கூட்டமைப்பு தன் முடிவை அறிவித்ததோ டிசம்பர் 30-இல், தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது. முஸ்லிம் காங்கிரஸ் அதற்கு இரண்டு நாள் முன்பு அரசை விட்டு வந்தது. முஸ்லிம்களுக்கு எதிரான அளுத்கம வன்முறை நடந்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. முஸ்லிம் மக்கள் எப்போதோ முடிவெடுத்துவிட்டார்கள், கட்சி பின்னால் ஓடி வந்தது என்பதுதான் என் கணிப்பு. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதித் தேர்தலில் நிற்க முடியாது என்ற தடையை 2010-இல் 18-ஆம் திருத்தம் நீக்கியது. எதிரணியில் தெரிவாகி வந்த முஸ்லிம் காங்கிரஸ் உறுப்பினர்கள் அதற்கு ஆதரவாகக் கை உயர்த்தியவர்கள். மூன்றாம் தடவைக்குக் கதவைத் திறந்துவிட்டவர்களே, மூன்றாம் தடவை வந்தபோது அதே கதவால் வெளியேறினார்கள்.

கட்சி மாறினால் பதவி போகும் என்று சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அரசியலமைப்பின் 99(13) உறுப்புரை அதைத்தான் சொல்கிறது. 1999 ஜனாதிபதித் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் சில உறுப்பினர்கள் சந்திரிகா குமாரதுங்கவை ஆதரித்தார்கள். கட்சி அவர்களை நீக்கியது. முறையான விசாரணை இல்லாமல் நீக்கினீர்கள் என்று உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தைச் செல்லாததாக்கியது. சட்டம் ஏட்டில் இருக்கிறது, தாவுகிறவர் தாவிக்கொண்டே இருக்கிறார். 2022 ஜூலையில் பாராளுமன்றமே ஜனாதிபதியைத் தெரிவு செய்தபோது, தன் கட்சிக்கு ஒரேயொரு ஆசனம் வைத்திருந்த ரணிலுக்கு 134 வாக்குகள் விழுந்தன. இரகசிய வாக்கெடுப்பு. யார் யாருக்குப் போட்டார் என்று கேட்டு யாரையும் நீக்க முடியாது.

2015-இன் தொடர்ச்சியும் உங்களுக்குத் தெரியும். 2018 ஒக்டோபர் 26-ஆம் திகதி, எந்த மனிதரைத் தோற்கடிக்க 62 இலட்சம் பேர் வாக்களித்தார்களோ அந்த மகிந்தவையே மைத்திரிபால பிரதமராக நியமித்தார். பிறகு அவர் பாராளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. வேட்பாளர் திரும்பிப் போய்விட்டார். அவரை நம்பித் தாண்டி வந்த வாக்காளருக்குத் திரும்பிப் போக வழி ஏது? அடுத்த தேர்தல் வரை காத்திருந்தார்.

ஆனால் அந்த வாக்காளருக்கு நம் சட்டம் 1978-இலிருந்தே ஒரு வழியைத் தந்திருக்கிறது. ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேருக்கு விருப்பு வாக்கு இடலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இரண்டு பேர் தவிர மற்ற எல்லோரும் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளை மறுபடி எடுத்து, அவற்றில் 2 யாருக்கு, 3 யாருக்கு என்று பார்ப்பார்கள். அதாவது, என் மனசுக்குப் பிடித்தவருக்கு முதல் வாக்கைப் போட்டுவிட்டு, 'அவர் வராவிட்டால் இந்த இருவரில் இவர் வரட்டும்' என்று அதே சீட்டிலேயே கட்சி தாண்டி எழுதலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

1982-இலிருந்து 2019 வரை இதற்குத் தேவையே வரவில்லை. 2024 செப்டம்பரில்தான் முதல் தடவையாக வந்தது. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 சதவீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76. மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகள் 33 இலட்சத்துக்கு மேல். ரணிலுக்குப் போட்டவர்கள், மகிந்தவின் மகன் நாமலுக்குப் போட்டவர்கள், தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்குப் போட்ட 2,26,343 பேர், எல்லோரும் அதில் அடக்கம். அந்தச் சீட்டுகளிலிருந்து அநுரவுக்குச் சேர்ந்தவை 1,05,264. சஜித்துக்குச் சேர்ந்தவை 1,67,867. கூட்டிப் பாருங்கள், மூன்று இலட்சம்கூட வராது. மிச்சம் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் கடைசி முடிவில் ஒரு சொல்லும் சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டன.

இரண்டு பேருமே வேண்டாம் என்று தெரிந்தே வெறுமையாக விட்டவர்களும் அதில் இருப்பார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் பெரும்பாலோருக்கு இது சரியாகச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு புள்ளடி போட்டாலும் அது முதல் வாக்காக எண்ணப்படும் என்பதால், பழகிய கை புள்ளடியோடு நின்றுவிடுகிறது. கட்சிகளும் வாயைத் திறப்பதில்லை. 'எங்களுக்கு 1 போடுங்கள், இன்னாருக்கு 2 போடுங்கள்' என்று மேடையில் சொன்னால் தோல்வியை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்துக்கு நாம் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கு உங்கள் ஊருக்கு ஆதரவு கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியிலிருந்து எந்தக் கட்சிக்கு மாறியவராகவும் இருக்கட்டும். கூட்டம் முடியும்போது எழுந்து நின்று ஒன்று கேளுங்கள்: "ஐயா, உங்கள் ஆளுக்கு 1 போட்டுவிட்டோம். 2-ஐ யாருக்குப் போடச் சொல்கிறீர்கள், ஏன்?" பதில் வரும்வரை உட்காராதீர்கள்.