டென்ட்டுக்குள் நாலே தக்காளிச் செடி

வணக்கம் மக்களே. ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் எங்கள் வீட்டுப் பின்னறையிலிருந்து பேசுகிறேன். ஜன்னலைப் பாருங்கள், காலை 10 மணி ஆகியும் எதிரே நிற்கிற சில்வர் ஓக் மரம் தெரியவில்லை. இப்படி மூடுபனி இறங்குகிற நாட்களில் வெளியே தக்காளி வைத்தால் இலையில் ஈரம் காயாது, கருகல் வந்துவிடும். அதனால்தான் அறைக்குள் செடி வளர்க்கிற 3-க்கு 3 அடி துணிக் கூடாரம், அதாவது டென்ட் போட்டு, மேலே 100 வாட் எல்இடி லைட் கட்டியிருக்கிறேன். இன்றைக்கு இடைவெளியைப் பற்றி மட்டும் பேசலாம்.

முதல் தடவை இதே டென்ட்டுக்குள் 16 தொட்டி வைத்தேன். நாலு இலை நாற்றாக இருந்தபோது அத்தனை இடமும் சும்மா கிடக்கிற மாதிரி இருந்தது. 16 என்றால் செடிக்குச் செடி 9 அங்குலம்தான். ஐந்தாவது வாரம் மேலிருந்து பார்த்தால் பச்சைப் பாய் விரித்தது போல அவ்வளவு அழகு. கையை விட்டு விலக்கிப் பார்த்தேன். அடியில் இலையெல்லாம் மஞ்சள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தொட்டதும் ஈரத்தோடு விரலிலேயே வந்துவிட்டது. தண்டு பென்சில் கனம்கூட இல்லை. பூத்ததில் பாதி உதிர்ந்தது. அன்றைக்கு மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

நம் ஊரில் சொல்வார்களே, நண்டு ஓட நெல், நரி ஓடக் கரும்பு, வண்டி ஓட வாழை, தேர் ஓடத் தென்னை என்று. நட்ட அன்றைக்கு இருக்கிற அளவை வைத்துச் சொன்னது இல்லை அது. முழுதாக வளர்ந்து நிற்கிற பயிருக்கு நடுவே எது ஓட வேண்டும் என்கிற கணக்கு. நான் நாற்றைப் பார்த்து இடம் விட்டேன், அதுதான் தப்பு.

வெளியே சூரியன் நகர்கிறது. காலையில் இந்தப் பக்கம், சாயங்காலம் அந்தப் பக்கம் என்று சாய்ந்து அடித்து, கீழ் இலைக்கும் கொஞ்சம் வெயில் கொடுத்துவிடும். டென்ட்டில் லைட் ஒரே இடத்தில் தொங்குகிறது. மேல் இலை மறைத்தால் கீழ் இலைக்கு நாள் முழுக்க நிழல்தான்.

இன்னொன்றும் நடக்கிறது. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், தூரச் சிவப்பு என்கிற ஒளியைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். பக்கத்துச் செடியிலிருந்து அந்த ஒளி அதிகமாக வந்தால், ஃபைட்டோகுரோம் என்கிற நிறமி வழியாகச் செடி அதை உணர்ந்துகொள்ளும். அண்டையில் ஆள் வந்தாச்சு என்று பயந்து உயரமாக ஓடும். நிழல் விழுவதற்கு முன்னாலேயே இது ஆரம்பித்துவிடும். அந்த மெலிந்த தண்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எத்தனை வைக்கலாம்? நான் போட்டிருப்பது பி.கே.எம் 1, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி ரகம். ஓரளவு வளர்ந்து நின்றுவிடும். வயலில் இதற்கு 60-க்கு 45 செ.மீ. விடுவார்கள், அதாவது செடிக்கு ஏறக்குறைய 3 சதுர அடி. என் டென்ட் 9 சதுர அடி. கணக்குப்படி மூன்று செடி. பக்கக் கிளைகளில் கொஞ்சம் கிள்ளிவிட்டு நாலு வைத்திருக்கிறேன், அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். உள்ளங்கை உயரமே வளர்கிற மைக்ரோ டாம் மாதிரி ரகம் என்றால் அந்த 16 தாராளமாக நிற்கும். ஆகவே எண்ணிக்கையை என்னிடம் கேட்காதீர்கள், உங்கள் ரகத்தின் விரிவைப் பாருங்கள்.

"16 வைத்துவிட்டு நெருங்கும்போது எடுத்துவிடேன்" என்றார் அம்மா. கீரைக்கு அது சரி. பி.கே.எம் 1 மாதிரி ரகம் பூக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே வளர்ச்சியை முடித்துக்கொள்ளும். அதுவரை நெரிசலில் மெலிந்துவிட்டால், பிறகு இடம் கொடுத்தாலும் ஈடுகட்டுவது கஷ்டம்.

நாலு தொட்டியையும் மூலையோடு ஒட்டி வைக்காதீர்கள். லைட்டுக்கு நேர் கீழேதான் வெளிச்சம் அதிகம், ஓரத்தில் குறையும். கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். நான் மூன்று நாளுக்கு ஒரு தரம் தொட்டியைக் கால் வட்டம் திருப்பி விடுகிறேன். சின்ன ஃபேன் ஒன்று இலை லேசாக ஆடுகிற அளவுக்கு ஓடுகிறது. லைட் 16 மணி நேரம் எரியும், அப்புறம் இருட்டு. ராத்திரியும் எரிய விட்டால் தக்காளி இலை வெளுத்துக் கெட்டுவிடும்.

இதோ கிட்டத்தில் காட்டுகிறேன். என் முன்னங்கை இரண்டு செடிக்கு நடுவே எந்த இலையையும் தொடாமல் போகிறது, பார்த்தீர்களா? கீழ் இலைகூடக் கரும்பச்சையாக, ஈரமில்லாமல், சொரசொரப்பாக இருக்கிறது. இந்தக் கொத்தில் ஐந்து பூ. உள்ளே பலமான காற்றும் தேனீயும் இல்லாததால் காம்பைச் சுண்டி விட வேண்டும், இப்படி. மஞ்சள் தூள் விரலில் ஒட்டுகிறது பாருங்கள். மீதி மூன்று செடிக்கும் சுண்டிவிட்டு வருகிறேன்.