மாத்திரைக்கு அடிமையானவரின் வீட்டார்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

போதை என்றாலே நமக்குச் சாராயமும் கஞ்சாவும்தான் நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போகும் போதைக்கு வாடை கிடையாது. பிரவுன் கவரில் போட்டு மெடிக்கலில் கொடுப்பார்கள். டாக்டர் எழுதிய சீட்டோடு முறைப்படி வீட்டுக்குள் வந்திருக்கும். தூக்கம் வரவில்லை என்று ஒரு மாத்திரை, படபடப்புக்கு ஒன்று, முதுகுவலிக்கு ஒன்று. அது நோயாக முற்றிய பிறகும் அதை என்னவென்று சொல்வதென்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. "அம்மா மாத்திரை போட்டுக்கிட்டாதான் தூங்குவாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் போதை மீட்புச் சிகிச்சையில் குடும்பத்தாரோடு பேசும் சமூகப் பணியாளர். உள்ளே டாக்டர் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வெளியே பெஞ்சில் கையில் ஒரு பையோடு மனைவியோ, தாயோ, மகளோ உட்கார்ந்திருப்பார். அவரோடு பேசுவதுதான் என் வேலை. இன்றைய பேச்சும் அவருக்காகத்தான்.

எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதை சிகிச்சை மையம் நாடு முழுக்க ஆய்வு செய்து 2019-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மருத்துவக் காரணம் இல்லாமல் தூக்க மாத்திரை, அமைதி மாத்திரை வகைகளை எடுத்துக்கொள்பவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 18 லட்சம் பேர் என்கிறது அது. 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்று அதிகம். அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரைகளை அப்படி எடுப்பவர்களும் நூற்றுக்கு ஒருவருக்கு நெருக்கமாக இருக்கிறார்கள். உங்கள் தெருவில் எத்தனை வீடு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உடம்புக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம் போன்ற மாத்திரைகள் மூளையில் காபா என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டிவிடுகின்றன. காபா மூளையின் பிரேக் மாதிரி. மாத்திரை தினமும் வந்து பிரேக் போட்டுக்கொடுத்தால், மூளை தன்னுடைய பிரேக்கைத் தளர்த்திவிடும். சில வாரங்களிலேயே அரை மாத்திரை போதாமல் ஒன்று, பிறகு இரண்டு என்று ஏறும். இவற்றைப் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் நீட்டக்கூடாது என்று மருத்துவ நூல்கள் சொல்வது இதனால்தான். இந்த நிலையில் திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் மூளை பிரேக் இல்லாமல் ஓடும். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, பயம், சிலருக்கு வலிப்பு வரும். வலிப்பில் உயிரே போகலாம்.

இந்த ஒரு விஷயம் தெரியாததால் ஒரு குடும்பம் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன்.

ஐம்பதைக் கடந்த ஓர் அம்மா. கணவர் திடீரென்று இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் தூக்கம் வரவில்லை. டாக்டர் அரை மாத்திரை அல்பிரசோலம் எழுதினார், பத்து நாளைக்கு. அந்தச் சீட்டு நான்கு வருடம் ஓடியது. மடித்து மடித்து நான்காகக் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டி, பிறகு அதையும் ஜெராக்ஸ் எடுத்து மூன்று மெடிக்கலில் காட்டி வாங்கியிருக்கிறார். சட்டப்படி, திரும்பக் கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதாத சீட்டுக்கு ஒரு முறைக்கு மேல் மருந்து கொடுக்கக்கூடாது. கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்தான் எச்1 அட்டவணை; 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த அதில் அல்பிரசோலமும் இருக்கிறது. சீட்டு எழுதியவர் பெயர், வாங்குபவர் பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். "பாவம், தெரிஞ்ச அம்மா" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். எழுதியவருக்கும் விற்றவருக்கும் இதில் பொறுப்பு உண்டு என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன். பழியெல்லாம் கடைசியில் அந்த அம்மாவின் தலையிலும் மகளின் தலையிலும்தான் விழுந்தது.

மகள் வேலைக்குப் போகிறவர். அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போக ஆரம்பித்தார். ராத்திரி வந்து தன் கையால் ஒன்று எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொரு குமிழுக்குப் பின்னாலும் பால்பாயின்ட் பேனாவால் தேதி எழுதி வைத்தார். ஒரு நாள் பார்த்தால், அம்மா அட்டையின் பின்பக்கத் தாளை நகத்தால் மெல்லத் தூக்கி, மாத்திரையை எடுத்துவிட்டு, தாளைத் தடவி ஒட்டி வைத்திருக்கிறார். தேதி அப்படியே இருக்கிறது, குமிழ் காலி. அரிசி டிரம்மில் கை விட்டால் இன்னொரு அட்டை. தலையணை உறைக்குள் ஒன்று. அப்பா படத்துக்குப் பின்னால் ஒன்று.

அந்த மகளுக்கு அப்போது மாத்திரை எண்ணிக்கை மட்டும்தான் வாழ்க்கை. சிநேகிதி கல்யாணத்துக்குப் போகவில்லை. தன்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்களைத் தானே தள்ளிப்போட்டார், அம்மா தள்ளாடுவதை அவர்கள் பார்த்துவிடக்கூடாது என்று. சொந்தக்காரர்கள் கேட்டால் "பிரஷர், அதான் டயர்டா இருக்காங்க" என்று பதில் தயாராக இருக்கும். வெளியூரில் இருக்கும் அண்ணன் போனில், "நீதானே கூட இருக்கே, நீ ஒழுங்கா பார்த்திருந்தா இப்படி ஆகுமா?" என்றார். இந்த வாக்கியத்தை எத்தனையோ குடும்பங்களில் கேட்டுவிட்டேன். கூட இருந்து சுமப்பவரைப் பார்த்துத் தூர இருப்பவர் கேட்கும் கேள்வி அது. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். மாசத்தில் நான்கு நாள் வந்து நீங்கள் அம்மாவோடு இருங்கள், தங்கை தூங்கட்டும்.

ஒரு ராத்திரி கோபத்தில் எல்லா அட்டைகளையும் பிய்த்து டாய்லெட்டில் கொட்டிவிட்டார் மகள். இனி ஒன்றும் இல்லை, தலைமுழுகியாச்சு என்று நிம்மதியாகப் படுத்தார். இரண்டு நாளில் அம்மாவுக்கு நடுக்கம் வந்தது, யாரோ கூப்பிடுவது போலப் பேச்சு வந்தது, மூன்றாம் நாள் சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்து உயிரைக் காப்பாற்றினார்கள். என் எதிரே வந்து உட்கார்ந்த மகள் முதலில் சொன்னது, "எங்கம்மாவைக் கொல்லப் பார்த்தது நான்தான்" என்று.

அவர் கொல்லப் பார்க்கவில்லை. தெரியாமல் செய்தார், யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மாத்திரையை வாங்கிப் போகும்போது, "இதைத் திடீர்னு நிறுத்தக் கூடாதும்மா" என்று ஒரே ஒரு வரியை டாக்டரோ மெடிக்கல்காரரோ சொல்லியிருந்தால் போதும். அந்த அம்மாவுக்குப் பிறகு மனநல மருத்துவர் வேறொரு மருந்துக்கு மாற்றி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அதோடு, நான்கு வருடமாக யாரும் அவரிடம் பேசாத ஒன்றைப் பேச வைத்தோம், கணவரின் மரணத்தை. தூக்கம் வராததற்குக் காரணம் அதுதானே!

பெண்கள் விஷயத்தில் இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். ஆண் தள்ளாடினால் ஊரே பேசும். பெண் மாத்திரை போட்டுக்கொண்டு ஓரமாகப் படுத்திருந்தால், சத்தம் இல்லாமல் இருக்கிறாள் என்று வீடு விட்டுவிடும். வயதானவர்கள் இந்த மாத்திரையால் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வரும்போதுதான் அட்டைகளைத் தேடிப் பார்க்கிறார்கள். மறதி என்று அழைத்து வருகிறவர்களிலும் சிலருக்கு மாத்திரைதான் காரணமாக இருக்கிறது.

இளைஞர்கள் கதை வேறு. தமிழ்நாட்டில் இப்போது நாங்கள் அதிகம் பயப்படுவது டேபென்டடால் என்ற வலி மாத்திரையைப் பார்த்துத்தான். கடுமையான வலிக்கு டாக்டர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டிய மருந்து அது. பையன்கள் அதைத் தூளாக்கித் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் பொருள்கள் ரத்தத்தில் கரைவதில்லை; ரத்தக் குழாயை அடைத்துவிடும். கை வீங்கிச் சீழ் பிடித்து வருகிறார்கள். ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் போட்டால் எச்ஐவியும் கல்லீரல் அழற்சியும் வரும். இதே குடும்பத்தைச் சேர்ந்த டிரமடாலை 2018-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள்.

வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை, நாள் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொள்வது, மூக்கில் நீர் ஒழுகுவது, கொட்டாவி, வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் வலி என்று புரள்வது. இவற்றை அம்மாக்கள் முதலில் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். பிறகு உண்டியல் குறையும், வண்டி அடகுக்குப் போகும், கம்மல் காணாமல் போகும். அப்பாவுக்குத் தெரிந்தால் அடிப்பார் என்று அம்மா தானே ஈடு கட்டுவார். எனக்குத் தெரிந்து அம்மாக்கள் இந்த இடத்தில்தான் மிகவும் தனியாகிவிடுகிறார்கள். அப்பாவிடமும் சொல்ல முடியாது, மகனையும் தடுக்க முடியாது. கடைசியில் பெரியவர்கள் ஒரு வழி சொல்வார்கள்: "ஒரு கால்கட்டு போட்டுடு, திருந்திடுவான்." இதை மட்டும் செய்யாதீர்கள். ஒன்றும் அறியாத ஒரு பெண்ணை அழைத்து வந்து, உங்களால் தூக்க முடியாத சுமையை அவள் தலையில் வைப்பது பாவம்.

சரி, "அவன் ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேங்கிறான், நான் மட்டும் வந்து என்ன செய்ய?" என்று கேட்பீர்கள். என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதுதான். நீங்கள் மட்டும் வாருங்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மேயர்ஸ் என்பவர் இதற்காகவே குடும்பத்தாருக்கு ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயாளிகளின் குடும்பத்தார் 130 பேரை எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பயிற்சி பெற்றவர்களின் வீட்டில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். உறவினர் எல்லோரும் கூடி நேருக்கு நேர் வற்புறுத்தும் முறைக்குப் போனவர்களின் வீட்டில் 30 சதவீதம்தான்.

அந்தப் பயிற்சியில் மந்திரம் எதுவும் இல்லை. அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், பேசுங்கள். போதையில் இருக்கும்போது வாதாடாதீர்கள், நகர்ந்துவிடுங்கள். ஆபீசுக்குப் போன் போட்டு "அவருக்கு ஜுரம்" என்று பொய் சொல்வதை நிறுத்துங்கள். அவர் செய்ததன் பலனை அவரே சந்திக்கட்டும். அவர் தானாக நொந்து பேசும் வேளை ஒன்று வரும். அன்றைக்கு, "நாளைக்கு ஒரு தடவை டாக்டரைப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். அந்த நாளுக்கு முன்பே எங்கே போவது, எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்திருங்கள். கை நீட்டுகிறவராக இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் உங்களுடைய, குழந்தைகளுடைய பாதுகாப்பைப் பாருங்கள். 181 மகளிர் உதவி எண் அதற்குத்தான்.

குடும்பத்தாருக்கும் சிகிச்சை வேண்டும் என்பது நம் ஊருக்குப் புதிதில்லை. கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனையில், நோயாளிக்கு ஒரு பக்கம் என்றால் குடும்பத்தாருக்கும் தனியாகச் சிகிச்சைத் திட்டம் இருக்கிறது.

மையம் தேடும்போது கவனமாக இருங்கள். போதை மீட்பு மையங்களுக்கு மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள், டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேளுங்கள். "ராத்திரி வண்டியில் வந்து தூக்கிட்டுப் போயிடறோம், மூணு மாசம் நீங்க பார்க்கவே வேண்டாம்" என்று சொல்லும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். திரும்பி வருபவர் உங்களை நம்பமாட்டார்.

சிகிச்சை முடிந்தவர் மறுபடி தொடுவதும் உண்டு. வலி மாத்திரைக்காரர்களுக்கு அதுதான் மிக ஆபத்தான நேரம். இடைவெளியில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். எழுப்பினால் எழவில்லை, உதடு நீலம், குறட்டை மாதிரி இழுப்பு என்றால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிட்டு, என்ன எடுத்தார் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அதன் வேலையை முறிக்கும் மருந்து இருக்கிறது, நேரத்துக்குப் போனால் பிழைப்பார்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு டாக்டர் மார்ஃபின் எழுதினால், அடிமையாகிவிடுவார் என்று பயந்து கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். அவருக்கு அந்த நிவாரணம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2014-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

நாளை காலை போக நினைப்பவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது, இலவசம். காலி அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை மாதமாக என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்க்கும் வரை தூக்க மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14446 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்; போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண், கட்டணம் கிடையாது. மனம் தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம். அவருக்காகத்தான் பேச வேண்டும் என்றில்லை, உங்களுக்காகவும் பேசலாம்.

வணக்கம்.